மாக் குவோனின் விடுப்பு மனுவும் வாய் திறக்காத விலங்கும்

மாக் குவோனை எங்கள் பட்டறையில் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. 'மூணு வருஷம்' என்றுதான் கூப்பிடுவோம். தெற்கே குவாங்சோவிலிருந்து அரண்மனைப் பட்டறைக்கு அவரை அழைத்தபோது மூன்று வருஷத்துக்கு என்று சொல்லித்தான் அழைத்து வந்தார்கள். மனிதர் அதை நம்பிவிட்டார். வந்த புதிதில் எதைக் கேட்டாலும் அதே பதில்தான். பெய்ஜிங் குளிர் தாங்குகிறதா என்றால், "மூணு வருஷம்தானே" என்பார். எங்கள் கோதுமை ரொட்டியும் பூண்டும் தொண்டையில் இறங்குகிறதா என்றால், "மூணு வருஷம்தானே" என்பார். நான் சொல்லப்போகும் சங்கதி நடந்தபோது அவருக்குப் பதினோராவது வருஷம் ஓடிக்கொண்டிருந்தது.

நான் யென். அதே பட்டறையில் மெருகு போடுகிறவன். செம்பு உடம்பின் மேல் மெல்லிய கம்பியை ஒட்டிப் பாத்தி பாத்தியாகப் பிரித்து, ஒவ்வொரு பாத்தியிலும் எனாமல் பொடியைக் குழைத்து நிரப்பி, சூளையில் வைத்து எடுப்பது மாக்கின் வேலை. வெந்து வந்ததைக் கல்லாலும் கரியாலும் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கம்பியைப் பளபளக்க வைப்பது என் வேலை. அவர் வேலை பார்க்கிறவர்கள் கண்ணுக்குத் தெரியும். என் வேலை என் இடுப்புக்கு மட்டும் தெரியும்.

அவரோடு ஒரே படகில் வந்தவன் ஃபுங். அவனுக்குக் கம்பியை நேராக ஒட்டத் தெரியாது, வளைவாகவும் ஒட்டத் தெரியாது. சிவப்பு நிரப்பச் சொன்ன இடத்தில் தூங்கிவிடுவான். ஏழே மாதத்தில், 'வேலைக்கு ஆகாதவன்' என்று எழுதி, வழிச்செலவும் கொடுத்து ஊருக்கு அனுப்பிவிட்டார்கள். இப்போது குவாங்சோவில் அவன் கடை வைத்திருக்கிறானாம். 'அரண்மனைப் பட்டறையில் பணியாற்றியவர்' என்று வாசலில் தங்க எழுத்தில் பலகை தொங்குகிறதாம். நன்றாக வேலை செய்த மாக் மட்டும் எங்களோடு ரொட்டி மென்றுகொண்டிருந்தார்.

அந்த வருஷம் இரண்டாம் மாதக் கடைசியில் மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. புது மண்டபத்தில் அரியணைக்கு இருபக்கமும் வைக்க ஒரு ஜோடி லூதுவான் வேண்டும். லூதுவான் என்றால் ஒற்றைக் கொம்பும் சிங்க உடம்பும் கொண்ட விலங்கு. ஒரே நாளில் பதினெட்டாயிரம் லீ தூரம் ஓடுமாம். எல்லா நாட்டுப் பேச்சும் அதற்குத் தெரியுமாம். நீதியான அரசன் ஆளும்போது மட்டும் தானாகத் தேடி வந்து பக்கத்தில் நிற்குமாம். என் வயதுக்கு எத்தனையோ பெரிய மனிதர்களைப் பார்த்திருக்கிறேன், அது தானாக வந்து நான் பார்த்ததில்லை. ஒவ்வொரு முறையும் நாங்கள்தான் செம்பில் அடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. உட்காருகிறவர் எவரும் 'எனக்கு வேண்டாம்பா, நான் அவ்வளவு நீதிமான் இல்லை' என்று திருப்பி அனுப்பியதும் இல்லை.

பார்வைக்கு விலங்கு என்றாலும் வேலைக்கு அது ஒரு தூபக்கால். கழுத்தில் கீல் இருக்கும். தலையைத் தூக்கி வயிற்றுக்குள் வாசனைப் பொடியைப் பற்றவைத்து மூடினால், புகை வாய் வழியாக வரும்.

உத்தரவு வந்த அடுத்த மாதமே மாக்குக்கு ஊரிலிருந்து கடிதம் வந்தது. அவர் மனைவிக்கு எழுதத் தெரியாது, தெருமுனையில் கடிதம் எழுதுகிறவரிடம் சொல்லி எழுதியிருந்தாள். மகள் சோய்ஹாவுக்கு ஒன்பதாம் மாதம் பதினாறாம் நாள் கல்யாணம். விடியற்காலை, வீட்டை விட்டுக் கிளம்பும் முன் பெண், தன்னைப் பெற்றவர்களுக்கு மண்டியிட்டுத் தேநீர் தரவேண்டும். நீங்கள் வராவிட்டால் உங்கள் நாற்காலியில் உங்கள் அண்ணன் உட்காருவார் என்று எழுதியிருந்தது. மாக்குக்கும் அண்ணனுக்கும் ஆகாது. குடித்துவிட்டு மூங்கில் கம்பால் மாக்கை அடித்த அண்ணன் அவர்.

"நான் வரும்போது அவளுக்கு அஞ்சு வயசுண்ணே," என்றார் மாக். "படகு கிளம்புற வரைக்கும் என் சட்டைய விடல. விரலை ஒண்ணொண்ணாப் பிரிச்சு எடுக்க வேண்டியதாப்போச்சு. இந்த ஒரு தடவ நான் போயே ஆகணும்."

ஊருக்குப் போய்ச் சேர இரண்டு மாதத்துக்கு மேல் ஆகும். ஆறாம் மாதம் முடிவதற்குள் கிளம்பினால்தான் உண்டு. அன்றே கண்காணிப்பாளர் ஊலிங்காவிடம் போய் நின்றார். எனக்கும் இடுப்பு நிமிர்த்த ஒரு சாக்கு வேண்டியிருந்தது, கூடவே போனேன்.

ஊலிங்கா, நாட்டை ஆளும் மஞ்சு இனத்துப் பிரபுக் குடும்பம். தாத்தா குதிரையில் வந்து ஊரைப் பிடித்தார், பேரன் நாற்காலியில் வந்து எங்களைப் பிடித்தார். நீலத்துக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாது. ஆனால் கெட்டவர் என்று சொல்லமாட்டேன், பயந்தவர். முன்பு ஒரு பூச்சாடிக் கைப்பிடியை, ஒப்புதல் ஆன மாதிரியிலிருந்து அரிசி அகலம் தள்ளி வைத்துவிட்டோம் என்று அவரைப் பதவியில் ஒரு படி இறக்கிவிட்டார்கள். அன்றிலிருந்து மாதிரிப் பொம்மையைப் பார்த்தாலே எழுந்து நிற்பார்.

"இந்த ஜோடி முடியட்டும் மாக். முடிஞ்சதும் உன் மனுவ நானே மேல அனுப்புறேன்," என்றார்.

"ஆறாம் மாசத்துக்குள்ள முடிச்சிடுறேன் ஐயா."

"முடி. யாரு வேணாங்குறா?"

எங்கள் பட்டறையில் எதையும் நேராகச் செய்ய முடியாது. முதலில் மரத்தில் மாதிரி செய்து, வண்ணம் பூசி மேலே அனுப்ப வேண்டும். பார்த்துவிட்டு, 'இதைப் போலவே செய்க' என்று மஞ்சள் சீட்டு ஒட்டித் திருப்பி அனுப்புவார்கள். சீட்டு ஒட்டியபின் அது மரம் இல்லை, சட்டம்.

தச்சர் மரத்தில் லூதுவானைச் செதுக்கினார், மாக் வண்ணம் பூசினார். வாய் மட்டும் குடையாமல் இருந்தது. தச்சர் மறுநாள் குடையலாம் என்று வாயிருக்கும் இடத்தில் சிவப்பு மட்டும் பூசி வைத்திருந்தார். அந்த நேரம் பார்த்து உள் அரண்மனை ஊழியர் காவ் வந்து நின்றார். பேரரசரை நாங்கள் 'பெரியவர்' என்றுதான் சொல்வோம். "பெரியவரு இன்னிக்கே பாக்கணுங்குறாரு, குடுங்க, குடுங்க" என்று அப்படியே பட்டுத்துணியில் சுற்றிக் கொண்டுபோய்விட்டார். மூன்றாம் நாள் மாதிரி திரும்பி வந்தது. வாய் அடைத்தபடியே இருந்தது, நெற்றியில் மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது.

தச்சர் உளியை எடுத்துக்கொண்டு வாயைக் குடையப் போனார். ஊலிங்கா பாய்ந்து வந்து பொம்மையைக் கட்டிக்கொண்டார்.

"என்னய்யா பண்ற? சீட்டு ஒட்டியாச்சு, கண்ணு தெரியலயா?"

"ஐயா, வாய் இன்னும் தொறக்கலயே," என்றார் மாக்.

"மாதிரியில தொறந்திருக்கா?"

"இல்ல."

"அப்பறம் தொறக்க நாம யாரு?"

"புகை எப்படிங்க வெளிய வரும்?"

ஊலிங்கா உத்தரவுச் சீட்டை எடுத்து மேலிருந்து கீழாகப் படித்தார், இன்னொரு தரமும் படித்தார். "புகையப் பத்தி இதுல ஒண்ணும் எழுதல. ஒரு ஜோடி லூதுவான்னு இருக்கு. நாம குடுக்கப்போறது ஒரு ஜோடி லூதுவான்."

நான் சிரித்துவிட்டேன். அதற்கு நாள் முழுக்கக் கரி இடிக்கும் தண்டனை கிடைத்தது.

நான்காம் மாதத்தில் செம்பு உடம்பு தயாரானது, கம்பி ஒட்டும் முன் சோதித்துப் பார்த்தோம். வயிற்றில் பொடியைப் பற்றவைத்துத் தலையை மூடினோம். கொஞ்ச நேரத்தில் அணைந்துவிட்டது. மறுபடி பற்றவைத்தோம், மறுபடி அணைந்தது. மூன்றாம் முறை தலையைத் திறந்தபோது உள்ளே அடைந்திருந்த புகை முழுவதும் ஊலிங்காவின் மூக்கில் ஏறியது. எல்லா மொழியும் தெரிந்த விலங்கு, மூச்சு விட வழியில்லாமல் நின்றது.

அப்போதும் ஊலிங்கா அசையவில்லை. அவரை அசைத்தது காவ் கொண்டுவந்த செய்திதான். ஆறாம் மாதம் முதல் நாள் பெரியவர் மண்டபத்தில் வந்து உட்காரப்போகிறார், தூபம் போட்டு வைக்க வேண்டும். காவ் போனதும் ஊலிங்கா தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டு எங்கள் பெஞ்சுக்கே வந்துவிட்டார்.

"மாக், ஏதாவது பண்ணுய்யா. வாயத் தொறந்தா மாதிரிய மாத்தினதாயிடும். தொறக்காட்டி புகை வராது. எப்படிப் பாத்தாலும் என் தல போயிடும்."

நான் மாக்கின் காலை மிதித்தேன். "பேசாம இரு," என்று காதில் சொன்னேன். "அப்படியே செஞ்சு குடு. புகை வரல, வேலைக்கு ஆகாதவன்னு உன்ன விரட்டட்டும். ஃபுங் போன வழியில நீயும் போய்ச் சேரு."

நல்ல யோசனை அது. இன்றும் அப்படித்தான் சொல்வேன். ஆனால் மாக்கின் கண் என் பக்கம் இல்லை, மர மாதிரியின் மேல் இருந்தது. புகை வராத தூபக்கால் ஒன்று தன் கையிலிருந்து போவதை அந்த மனிதரால் தாங்க முடியவில்லை. இப்படிப்பட்டவர்களைக் கண்டால் எனக்கு எரிச்சலாக வரும்.

"ஐயா, பிடரி மயிர்ச் சுருளப் பாருங்க," என்றார். "ஒவ்வொரு சுருளுக்கு நடுவுலயும் ஒரு கறுப்புப் புள்ளி வெச்சிருக்கேன். மொத்தம் இருபத்தாறு. அது கறுப்பு எனாமலா, ஓட்டையான்னு மாதிரி சொல்லல. ஓட்டையும் கறுப்பாத்தான் தெரியும். அடியில காத்து போக, கால் நகத்துக்கு நடுவுல இருக்குற கறுப்பையும் அப்படியே பண்ணிடலாம்."

ஊலிங்கா எட்டு முறை எண்ணிப் பார்த்தார். இருபத்தாறுதான். அவர் முகத்தில் உயிர் வந்தது.

"ஆனா முதல்ல என் விடுப்பு மனுவ எழுதுங்க," என்றார் மாக். அவர் கண்டிப்பாகப் பேசி அன்றுதான் கேட்டேன். "எழுதி முத்திரை போடுங்க. விலங்கோட சேந்தே அது மேல போகணும்."

ஊலிங்கா அங்கேயே உட்கார்ந்து எழுதி முத்திரை போட்டார். சொன்ன சொல்லையும் காப்பாற்றினார், அதையும் சொல்லியாக வேண்டும். ஐந்தாம் மாதக் கடைசியில் பட்டுத் துணி போர்த்திய இரண்டு லூதுவான்களோடு ஒரே தட்டில் மாக்கின் மனுவும் அரண்மனைக்குள் போனது. மாக் அன்றே துணிமணியை மூட்டை கட்டிவிட்டார். மகளுக்கு என்று சீப்புக் கடைத் தெருவில் ஒரு சீப்பும் வாங்கினார்.

நான்கு நாள் கழித்து காவ் சிரித்த முகத்தோடு வந்தார். நாங்கள் எல்லோரும் மண்டியிட்டுக் கேட்டோம். தூபம் அற்புதமாக வந்ததாம். குளித்துவிட்டு அடுப்பருகே நிற்கிற நாயைப் போல விலங்கின் தலை முழுவதும் மெல்ல ஆவி பறந்ததாம். அந்த உவமை என்னுடையது. காவ் சொன்னது 'மேகம் சூழ்ந்த மலை'. பெரியவருக்கு எல்லாவற்றையும் விடப் பிடித்தது வாய் அடைத்திருந்ததுதான். 'எல்லாம் தெரிந்திருக்கிறது, வாயை மட்டும் திறக்கவில்லை. என் மந்திரிகளும் இப்படி இருக்க வேண்டும்' என்று சொல்லிச் சிரித்தாராம். மந்திரிகளும் சிரித்தார்களாம், வாயைத் திறக்காமல்.

பிறகு காவ் பரிசை வாசித்தார். ஊலிங்காவுக்குப் போன படியும் அதற்கு மேல் ஒரு படியும். மாக்குக்கு ஒரு சுருள் நீலப் பட்டு. ஒன்பது மண்டபங்களுக்கு இதே போல ஒன்பது ஜோடி. கடைசியாக மனு. 'இவ்வளவு கெட்டிக்காரன் போய்விட்டால் ஒன்பது ஜோடியை யார் செய்வது? முடிந்தபின் பார்க்கலாம்.'

எல்லோரும் மாக்கை வாழ்த்தினார்கள். தச்சர் அவர் முதுகில் தட்டினார். ஊலிங்கா நிஜமாகவே சந்தோஷத்தில் கண் கலங்கி, "பாத்தியா? பெரியவரு வாயால கெட்டிக்காரன்னு பேரு! உன் ஏழு தலைமுறைக்கும் இது போதும்," என்றார். மாக் பட்டுச் சுருளைக் கையில் வைத்துக்கொண்டு எல்லோருக்கும் தலையாட்டிக்கொண்டிருந்தார். என்னால் அவரைப் பார்க்கவே முடியவில்லை.

"இப்பவாவது நான் சொல்றதக் கேளு," என்றேன். "இன்னும் இருபது நாளுக்கு மேல இருக்கு. முதல் விலங்கோட தலையக் கெடு. நல்லாக் கெடு. பட்டறையே நாறணும்."

அவர் கேட்டார். ஆனால் கெடுக்கவும் பழக்கம் வேண்டுமே! ஒரு நாள் முழுவதும் கம்பியைக் கோணலாக ஒட்ட உட்கார்ந்தார், கை தன் போக்கில் நேராக ஒட்டியது. கடைசியில் கண்ணை மூடிக்கொண்டு தலையைச் சூளையில் வைத்துவிட்டு, எடுக்க வேண்டிய நேரத்தில் எடுக்காமல் என்னோடு வெளியே வந்து நின்றார். உள்ளே எனாமல் வேகிறது, வெளியே இவர் வேகிறார். இரண்டு முறை உள்ளே ஓடப் பார்த்தார், நான் இடுப்பைப் பிடித்து நிறுத்தினேன்.

எடுத்துப் பார்த்தோம். நீலம் உருகிப் பச்சைக்குள் வழிந்து, மூக்குப் பக்கம் மஞ்சள் கொப்பளித்து, பேதி கண்ட விலங்கு மாதிரி இருந்தது. எனக்கு அவ்வளவு திருப்தி. வாழ்நாளில் நான் ரசித்து மெருகு போட்ட பொருள் அது ஒன்றுதான்.

ஊலிங்கா வந்தார். தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இது... முன்ன மாதிரி இல்லயே?"

"இல்லைங்க. கெட்டுப்போச்சு. என் தப்புதான். இனிமே எனக்கு வேலை ஓடாதுங்க," என்றார் மாக்.

ஊலிங்கா நம்பவில்லை. பெரியவர் கெட்டிக்காரன் என்று சொன்னவன் கையில் ஒன்று கெட்டுப்போகுமா? கெட்டுப்போனது என்று எழுதினால் பெரியவர் தவறாகச் சொல்லிவிட்டார் என்று ஆகாதா? புது மாதிரி என்று எழுதிப் பட்டில் சுற்றி மேலே அனுப்பிவிட்டார். ஆறாம் மாதம் இருபத்தெட்டாம் நாள் அது திரும்பி வந்தது. கொப்பளித்த மூக்குக்கு மேல் மஞ்சள் சீட்டு ஒட்டியிருந்தது. 'இதைப் போலவே செய்க.'

இனி மிச்சமுள்ள பதினேழு தலையையும் அதே இடத்தில், அதே அளவுக்கு, அதே மாதிரி கெடுத்தாக வேண்டும். ஒரு பொருளைச் சரியாகச் செய்ய ஒரு வழிதான். அதே தப்பைப் பதினேழு முறை செய்வதற்கு எந்தத் தொழிலிலும் வழி கிடையாது. நீலம் எங்கே வழிகிறது என்று அளக்க மாக் நூல் வைத்துக்கொண்டார். விடிந்தால் சூளை, இருட்டினால் நூல். முன்னைப் போல மூன்று மடங்கு வேலை. யோசனை சொன்னவன் நான். அதற்காக அவர் என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை, திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

ஆறாம் மாதம் போயிற்று. ஏழு போயிற்று. சீப்பையும் பட்டையும் தெற்கே போகிற வியாபாரி ஒருவரிடம் கொடுத்தனுப்பினார். மூட்டையை அவிழ்த்துத் துணியை மறுபடி ஆணியில் மாட்டினார். கல்யாணத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.

ஒன்பதாம் மாதம் பதினாறாம் நாள் காலையில் நான் பட்டறைக்குள் நுழைந்தபோது, மாக் வேலை தொடங்கியிருக்கவில்லை. தலை வாரிப் பின்னல் போட்டு, துவைத்த அங்கி உடுத்தி, தன் முக்காலியைச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார். அது தெற்குச் சுவர். இரண்டு கையும் முழங்கால் மேல். பெரிய மனிதர்கள் படத்துக்கு உட்காருகிற மாதிரி விறைப்பாக இருந்தார். பக்கத்தில் இன்னொரு முக்காலி காலியாகக் கிடந்தது. அது மனைவிக்கு.

"இந்நேரம் எழுப்பியிருப்பாங்கண்ணே," என்றார் திரும்பாமல். "முடி வாரிவிட்டிருப்பாங்க."

"ஆமா."

"அண்ணன் என் நாற்காலியில உக்காந்திருப்பாரு."

ஆறுதல் சொல்ல எனக்கு எப்போதும் வந்ததில்லை. அடுப்பில் எங்கள் கெட்டில் கொதித்துக்கொண்டிருந்தது. முழங்கை வரை கரியாக இருந்த கையை அங்கியில் துடைத்துவிட்டு, இருப்பதில் உடையாத கோப்பையாக எடுத்துத் தேநீர் ஊற்றினேன். ஐம்பது வயதை நெருங்குகிற, தாடியில் கல்தூள் அப்பிய நான், அவர் எதிரே சுவருக்கும் முக்காலிக்கும் நடுவில் இருந்த சந்தில் மண்டியிட்டேன். இரண்டு கையாலும் கோப்பையை நீட்டினேன்.

"அப்பா, தேநீர் எடுத்துக்குங்க," என்றேன்.

தச்சர் உளியைக் கீழே வைத்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. மாக் என்னையே பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் கோப்பையை வாங்கி, கொஞ்சம் குடித்தார். மிச்சத்தைப் பக்கத்து முக்காலியில் வைத்தார்.

"நல்லா இரும்மா," என்றார். "போற வீட்டுல சண்டை போடாத. வயிறாரச் சாப்பிடு."

வாசலில் ஊலிங்கா வந்து நின்றிருந்தார். புதுத் தொப்பியில் புதுப் பதவிக்கான குமிழ். வேலை நேரத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருக்கிற ஒருவனையும், அவன் முன்னால் மண்டியிட்டிருக்கிற இன்னொருவனையும் பார்த்து வாயைத் திறந்தார். அவர் என்ன நினைத்தாரோ, தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, ஒன்றும் சொல்லாமல் அப்படியே நின்றார். மாக் அழுது முடிக்கும் வரை நின்றார்.